டோக்கன் யார் கையில்? ஜவுளி கோட்டா இயங்கிய விதம்

புளியங்குடியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்துக்குப் பின்னால் ஆக்குப்புரை. அந்த வீட்டுக்குப் பரம்பரையாகச் சமைக்கும் தவசிப்பிள்ளை தன் ஆட்களோடு அடுப்பு மூட்டியிருக்கிறார். அவருக்குக் கூலி அதிகம், வேலை மெதுவு. சிந்தாமணி, வாசுதேவநல்லூர், கடையநல்லூர் பக்கத்துச் சமையல்காரர்களோ அதே சாம்பாரையும் அவியலையும் ருசி குறையாமல் முக்கால் விலைக்கு ஆக்கிக் கொண்டுவந்து இறக்கத் தயாராக நிற்கிறார்கள். தாராளமாக இறக்கவிட்டால் பழையவரின் அடுப்பு அணைந்துவிடும். அவரை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய ஓட்டு கல்யாண வீட்டுப் பெரியவருக்கு வேண்டும். வெளியூர்க்காரர்களை அடியோடு தடுக்கவும் முடியாது. யார் வேண்டுமானாலும் வந்து சமைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே ஒவ்வோர் ஊர்க்காரரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்:

"அண்ணாச்சி, ஒங்க ஊர்ல இருந்து சாம்பார் பத்து அண்டா, அவியல் ஆறு, பாயசம் மூணு. இந்த வருசம் அதுக்கு மேல வேண்டாம். டோக்கன் தாரேன். ஒங்க ஆளுகளுக்குள்ள எப்படிப் பிரிக்கணுமோ, நீங்களே பிரிச்சுக்கிடுங்க."

பெரியவர் சொன்னதில் நாலு சங்கதி இருக்கிறது. கணக்கு ஊர்வாரியாகப் போடப்பட்டது. ஊருக்குள் பண்டம்வாரியாகப் பிரிக்கப்பட்டது. சாம்பார் டோக்கனைக் காட்டிப் பாயசம் இறக்க முடியாது. அளந்தது அண்டாக்களின் எண்ணிக்கையை. உள்ளே இருப்பதன் விலையை அவர் கேட்கவில்லை. கடைசியாக, டோக்கனை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். பெரியவர் இடத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருக்க, 1974 முதல் 2004 வரை முப்பத்தோரு ஆண்டுகள் உலகத்தின் துணி வணிகம் நடந்தது இந்த நான்கு விதிகளின்படிதான். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டின் விலை முதல் இலங்கையின் கிராமத்தில் ஒரு தையல் ஆலை முளைத்தது வரை பலவற்றை இந்த நான்கே தீர்மானித்தன.

புளியங்குடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் போகிறவர்களுக்கு இது எலுமிச்சை ஊர். அந்தச் சந்தையைத் தாண்டி உள்ளே நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். சங்கரன்கோவில், சுப்புலாபுரம், சிந்தாமணி என்று இந்த வட்டாரமே சேலையும் துண்டும் நெய்து பிழைத்த வட்டாரம். வடக்கே ராஜபாளையத்தில் நூற்பாலைகள். அதோடு, தறியும் வயலும் கைவிட்டபோதெல்லாம் இந்தத் தெற்கத்திப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போனது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு. ஓவர்லாக் மிஷின், செக்கிங், கைமடி வேலை, ஒன்றரை ஷிப்ட் என்ற சொற்கள் இங்கே பல வீடுகளில் புழங்கும். கோட்டா என்ற அந்த டோக்கனில் கட்டுண்டு கிடந்தது இவர்கள் தைத்த துணி.

டோக்கன் எப்படிப் பிறந்தது

தொடக்கம் பருத்தியில். 1957-இல் அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான் தன் பருத்தித் துணி ஏற்றுமதிக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்டது. ஜப்பான் விட்ட இடத்தில் ஹாங்காங் நுழைந்தது. 1959-இல் லங்காஷயர் ஆலைக்காரர்கள் ஹாங்காங்கோடு அதேபோல ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் பின்னாலேயே அதற்கு இணங்கின. ஒரு நூற்றாண்டுக்கு முன் தன் ஆலைத் துணியைக் கொண்டுவந்து நிரப்பி நம் நெசவாளியின் சோற்றைப் பறித்த அதே லங்காஷயர்தான் இது. அப்போது அந்தத் துணிக்கு அளவு வைக்கும் அதிகாரம் நம் கையில் இருக்கவில்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போது அதை நினைக்காமல் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

1961-இல் குறுகிய காலத்துக்கு என்று ஓர் ஒப்பந்தம், 1962-இல் நீண்ட காலத்துக்கு என்று இன்னொன்று. இரண்டும் பருத்திக்கு மட்டும். பருத்திக்கு அளவு வந்ததும் ஆசிய ஆலைகள் செயற்கை இழைக்கு மாறின. அதையும் கம்பளியையும் சேர்த்துக் கட்ட 1974 ஜனவரி 1-இல் வந்தது பல்லிழை ஒப்பந்தம். ஏற்றுமதிக்காரர்கள் வாயில் எம்.எஃப்.ஏ. 1986-இல் அதைப் புதுப்பித்தபோது லினன், ராமி, பட்டுக் கலவை வரை உள்ளே இழுத்தார்கள். பட்டியலில் இல்லாத பண்டத்தைச் சமையல்காரர் ஆக்கிக் கொண்டுவருவார். அடுத்த முறை அந்தப் பண்டமும் பட்டியலில் ஏறிவிடும்.

பொது வணிக விதியான காட் ஒப்பந்தம் இப்படி அளவு வைப்பதையும் நாட்டுக்கு நாடு வேற்றுமை காட்டுவதையும் ஏற்கவில்லை. ஆகவே துணியை மட்டும் அந்த விதிக்கு வெளியே நிறுத்த, விற்கும் நாடுகளின் சம்மதம் வேண்டியிருந்தது. பெரியவர் டோக்கனை வந்தவர்கள் கையிலேயே கொடுத்த காரணம் இங்கே விளங்கும். சம்மதத்துக்குக் கொடுத்த விலை அது. எவ்வளவு பெரிய விலை என்பதை ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துகொள்ளலாம்.

நானூறு ரூபாய் யாருக்கு?

ஓர் அண்டா சாம்பார் ஆக்க ஆயிரம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். வரத்துக்குத் தடை இல்லையென்றால் போட்டியில் விலை ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். பத்து அண்டாதான் என்றதும் பந்தியில் தட்டுப்பாடு வருகிறது. கல்யாண வீடு ஆயிரத்து நானூறு கொடுக்கவும் தயாராகிறது. மேலே நிற்கும் அந்த நானூறு ரூபாய் யாரைச் சேரும்?

டோக்கன் வைத்திருப்பவரை. அவர் கரண்டி பிடித்துத்தான் அந்தக் காசைச் சம்பாதிக்க வேண்டும் என்றில்லை. டோக்கனை இன்னொரு சமையல்காரரிடம் நானூறுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாம். வாங்கியவர் ஆயிரத்துக்கு ஆக்கி, நானூறைக் கொடுத்து, ஆயிரத்து நானூறுக்கு இறக்கி, கை கழுவிக்கொண்டு போவார். உழைத்தவருக்குக் கூலி மட்டும்.

இந்தியாவில் ஆயத்த ஆடைக்கான டோக்கனைப் பிரித்தது 1978-இல் அமைந்த ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம், அதாவது ஏ.இ.பி.சி. பெரும்பங்கு முந்தைய ஆண்டுகளில் யார் எவ்வளவு அனுப்பினார்களோ அந்தக் கணக்குப்படி போனது. மிச்சத்தில் ஒரு பகுதி முந்தி வருபவருக்கு. இன்னொரு பகுதி சொந்த ஆலை வைத்துத் தைப்பவருக்கு. கோட்டா இல்லாத நாடுகளுக்கு அனுப்பிக் காட்டியவருக்கும் புது மிஷின் போட்டவருக்கும் தனித்தனியே கொஞ்சம். அமெரிக்கப் பட்டியலில் ஆண்களின் பருத்திப் பின்னலாடைச் சட்டைக்கு 338, பெண்களுக்கு 339 என்று எண். ஐரோப்பாவில் டி-ஷர்ட் 4-ஆம் இனம். ஏற்றுமதிக்காரர் அமெரிக்காவுக்கு அனுப்பும் இன்வாய்சில் அந்த எண்ணோடு விசா முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது.

இந்தக் கோட்டாவை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். மாற்றிக்கொடுக்கலாம் என்றால் விலையும் உண்டு. கோட்டா பிரீமியம் என்றார்கள். பண்டத்துக்கு ஒரு விலை, நாட்டுக்கு ஒரு விலை, ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று, தட்டுப்பாடான கடைசி மாதங்களில் வேறொன்று. முன்பே ஏற்றுமதியில் கால் ஊன்றிய வணிகருக்கு அது உட்கார்ந்து வாங்கும் வாடகை. 1980-களில் நேரடி ஏற்றுமதிக்கு வந்த புதிய திருப்பூர்க்காரருக்கு அது கூடுதல் சுமை. ஆர்டர் கையில் இருக்கும், மிஷினும் ஆளும் இருக்கும், கோட்டா இருக்காது. வாங்கித்தான் தைக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டா வைத்திருப்பவருக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்க வேண்டும்.

புளியங்குடியிலிருந்து போய் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த நானூறில் பங்கு உண்டா? இல்லை. இன்னும் மோசமான ஒன்று உண்டு. பத்து அண்டாவுக்கு மேல் ஆக்கக் கூடாது என்றால் பத்து அண்டாவுக்கு மேல் கையும் வேண்டாம். வேலை தேடி வரும் கைகளோ கூடிக்கொண்டே இருக்கின்றன. ஆடையின் விலை ஏறினாலும் பீஸ் ரேட் ஏறாததற்கு இது ஒரு காரணம். கோட்டா நம் ஏற்றுமதியைக் கட்டிப்போட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பிரித்துப் பார்க்கவே விரும்புகிறேன்: ஏற்றுமதிக்காரர்களில் ஒரு சாராருக்கு அது காவலாகவும் இருந்தது, கட்டுண்டவர்கள் புதியவர்களும் தொழிலாளிகளும்.

கல்யாணக் கணக்கு ஓர் இடத்தில் பொருந்தாது. கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் பணம் கொடுப்பதில்லை. துணிக் கணக்கில் கொடுத்தது பந்திதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்கு மலிவான சட்டை தேடிய ஏழைக் குடும்பங்களும் அந்த நானூறைக் கட்டின. வசதியானவரைவிட அவர்களுக்குத் துணிச் செலவு வருமானத்தில் பெரிய பங்கு.

அண்டாவுக்குள் என்ன இருக்கிறது?

எண்ணிக்கையில் அளந்ததால் விசித்திரமான ஒன்று நடந்தது. நானூறு ரூபாய் டோக்கனை யாராவது தண்ணீர்ச் சாம்பாருக்குச் செலவழிப்பார்களா? பருப்பைக் கூட்டி, நெய் ஊற்றி, ஓர் அண்டாவுக்கு எவ்வளவு விலை ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுவார்கள். ஹாங்காங்கும் கொரியாவும் மலிவு ஆடையை விட்டு விலை உயர்ந்த ஆடைக்கு ஏறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. திருப்பூரும் வெள்ளை பனியனில் தொடங்கி, சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு படியாக ஏறியது. அந்த ஏற்றத்தின் எல்லாப் பெருமையையும் கோட்டாவுக்குக் கொடுக்க மாட்டேன். வாங்க வந்தவர்களின் தேவையும் ஊர்க்காரர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் பீஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும்போது ஒவ்வொரு பீஸையும் விலையுள்ளதாக்கு என்று கணக்கே சொல்லிக்கொடுக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கட்டு இருந்தது. ஆயத்த ஆடை இந்தியாவில் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நெய்த துணி ஆடைகளை அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்தது 2000-ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை. பின்னலாடைக்கு 2005 வரை ஆனது. பெரிய ஆர்டரை ஒரே கூரையின் கீழ் தைக்க முடியாமல், வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், சாயம் போடுவது இன்னோரிடம் என்று திருப்பூர் பரவியதற்கு இந்தச் சட்டமும் காரணம்.

பல்லிழை ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சின்ன வாசல் வைத்திருந்தார்கள். குடிசைத் தொழிலில் கைத்தறியில் நெய்த துணி, அதைக் கையாலேயே தைத்த பொருள், மரபான நாட்டுப்புறக் கைவினை ஆடை ஆகியவற்றுக்குக் கோட்டா கிடையாது; முறையான சான்றிதழ் இருந்தால் போதும். கையால் அரைத்த துவையலை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டோம், கிரைண்டரில் அரைத்தால் சேர்ப்போம் என்பது போன்ற விதி. கைத்தறிக்குப் பேர்போன கடையநல்லூர் மாதிரி ஊர்களுக்கு இது உதவியிருக்க வேண்டியது. இந்த வட்டாரத் தறிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்கே நெய்ததால் அந்த வாசலை அதிகம் பேர் கண்டதில்லை. தறியில் மோட்டார் ஏறியபோது வாசலும் மூடிக்கொண்டது. விசைத்தறித் துணிக்கு விலக்கு இல்லை.

அடுப்பு ஊர் மாறியது

டோக்கன் தீர்ந்துபோன ஊர்ச் சமையல்காரர் என்ன செய்வார்? டோக்கன் மிச்சம் இருக்கும் ஊரில் போய் அடுப்பு மூட்டுவார். கோட்டாவின் விளைவுகளில் யாரும் திட்டமிடாததும், ஆழமாக நிலைத்ததும் இதுதான்.

1979-இல் கொரியாவின் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்தது. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. வங்கதேசத்துக்குக் கோட்டாவே போடப்படவில்லை. 130 வங்கதேசத்தவர்கள் கொரியாவின் பூசான் நகரத்துக்குப் போய்த் தையல் ஆலை நடத்தப் பழகிவந்தார்கள். அவர்களில் பலர் பின்னர் பிரிந்துபோய்ச் சொந்த ஆலை வைத்தார்கள். 1985-இல் அமெரிக்கா வங்கதேசத்துக்கும் கோட்டா போட்டபோது அங்கே ஒரு தொழிலே வேர்பிடித்துவிட்டிருந்தது. இன்று திருப்பூரின் பெரிய போட்டியாளர் அதுதான்.

இலங்கையில் கதை வேறு மாதிரி போனது. 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்தபின் கோட்டா தேடி முதலாளிகள் வந்தார்கள். 1992-இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி, கிராமப்புறத்தில் ஆலை வைப்பவருக்குக் கோட்டா என்றார். டோக்கனைக் கொழும்பைச் சுற்றியிருந்தவர்களின் சொத்தாக விடாமல், எங்கே வேலை இல்லையோ அங்கே அடுப்பை நகர்த்தும் கூலியாகப் பயன்படுத்தினார். இந்தியா பழைய கணக்கைப் பார்த்துப் பழையவருக்கே பெரும்பங்கைக் கொடுத்தது; இலங்கை புதிய இடத்துக்குக் கொடுத்தது. வேலைச்சூழலைப் பற்றிய குறைகள் அந்த ஆலைகளிலும் உண்டு. ஆனாலும் கோட்டாவை ஒரு கொள்கைக் கருவியாக மாற்றிய துணிவு அதில் இருந்தது. புளியங்குடியிலோ சங்கரன்கோவிலிலோ ஆலை வைத்தால்தான் கோட்டா என்று 1980-களில் ஒரு விதி நம்மிடம் இருந்திருந்தால் எத்தனை பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாலத்தீவில்கூடத் தையல் ஆலைகள் முளைத்தன. பருத்தி இல்லை, நூற்பாலை இல்லை, கோட்டா இருந்தது. ஆள்கூட வெளியிலிருந்துதான் வந்தது. கோட்டா முடிந்ததும் அவை மூடப்பட்டன.

1995-இல் உலக வணிக அமைப்பு பிறந்தபோது, பத்தாண்டில் இந்த ஏற்பாட்டைக் கலைப்பது என்று முடிவானது. 1990-இன் இறக்குமதி அளவை வைத்து நாலு கட்டம்: 1995-இல் 16 விழுக்காடு, 1998-இல் 17, 2002-இல் 18, மிச்சம் 49 விழுக்காடு 2005 ஜனவரி 1-இல். எந்தப் பண்டத்தை எப்போது விடுவிப்பது என்பதை இறக்குமதி செய்யும் நாடே முடிவு செய்யலாம். அவர்கள் முதல் இரண்டு கட்டத்தில் விடுவித்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன்பும் கோட்டாவில் இல்லாத பண்டங்கள். சாம்பாரும் அவியலும் கடைசி நாள் வரை டோக்கனில்தான் இருந்தன. பத்தாண்டு அவகாசம் என்று காகிதத்தில் இருந்தது ஒரே இரவாகச் சுருங்கியது.

அந்தப் பத்தாண்டுக்குள்ளும் புதுத் தடைகள் வந்தன. 1995-இல் அமெரிக்கா இந்தியாவின் கம்பளிச் சட்டைகளுக்கும் பெண்களின் மேல்சட்டைகளுக்கும் அளவு வைத்தது. இந்தியா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 1997-இல் வென்றது. தீர்ப்பு வருமுன்பே, 1996 கடைசியில் அமெரிக்கா தடையை விலக்கிக்கொண்டது. 1996-இல் ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் சேர்ந்த துருக்கி, அதைக் காரணம் காட்டி இந்தியத் துணியின் 19 இனங்களுக்குக் கோட்டா போட்டது. அந்த வழக்கிலும் 1999-இல் இந்தியாவே வென்றது. வழக்கு நடந்த ஆண்டுகளில் போன ஆர்டர்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

டோக்கன் இல்லாத ஆக்குப்புரை

2005 பிறந்ததும் சீனத் துணி பெருக்கெடுத்தது. ஜூனில் ஐரோப்பா சீனாவோடு அவசரமாக ஓர் அளவு பேசியது. ஆகஸ்டில் சுமார் ஏழரைக் கோடி ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் இறங்க முடியாமல் தேங்கின. செப்டம்பரில் மறுபடி பேசி அவற்றை விடுவித்தார்கள். அமெரிக்காவும் அந்த நவம்பரில் சீனாவுக்கு 2008 வரை அளவு வைத்தது. சீனாவின் மேல் விழுந்த இந்தக் கட்டு மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. இந்தியாவின் ஆடை ஏற்றுமதி அந்த ஆண்டு கூடியது. திருப்பூரில் புதிய கட்டடங்கள் எழும்பின. வாங்குபவரும் மாறினார். கோட்டாவுக்காக இருபது முப்பது நாடுகளில் சிதறி வாங்கியவர் இப்போது திறமையான சிலரிடமே பெரிய ஆர்டராகக் கொடுத்தார். சின்ன அடுப்புகள் பெரிய அடுப்புகளுக்குத் துணை வேலைக்குப் போயின.

எண்ணிக்கைக் கட்டு போனதும் மற்றக் கட்டுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஐரோப்பாவில் வங்கதேச டி-ஷர்ட்டுக்கு வரி இல்லை, இந்திய டி-ஷர்ட்டுக்குப் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வரி. மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலில் அது பெரிய வேறுபாடு. தண்ணீரும் ஒரு கட்டானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் வேலையில்லாமல் பலர் தெற்கே ஊர் திரும்பினார்கள்.

நூலுக்கும் டோக்கன் வந்தது, இம்முறை டெல்லியிலிருந்து. 2010-11-இல் நூல் விலை ஏறியபோது, பருத்தி நூல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு 72 கோடி கிலோ என்று வரம்பு வைத்தது. திருப்பூரும் தறிக்காரர்களும் வரவேற்றார்கள். ராஜபாளையம் போன்ற ஊர்களின் நூற்பாலைகளுக்கு அது அடி. 2011-இல் நூல் தேங்கி விலை சரிந்தது. உக்கிராணத்திலிருந்து அரிசி வெளியே போகக் கூடாது என்றால் ஆக்குகிறவருக்கு நல்லதுதான், நெல் விளைவித்தவருக்கு இல்லை. ஒரே சாலையின் இரு முனையில் இருக்கிற நூற்பாலையும் விசைத்தறியும் அந்த ஆண்டு எதிரெதிர்க் கோரிக்கைகளோடு நின்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

இந்தியாவும் கல்யாண வீட்டுப் பெரியவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை வணிக ஒப்பந்தத்தில் இலங்கை ஆடைகளுக்கு நாம் சலுகை வரி கொடுத்தோம். ஆண்டுக்கு 80 லட்சம் ஆடைகளுக்கு மட்டும், அதிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும், குறித்த துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும் என்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் நமக்குச் செய்ததையே நாம் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் செய்தோம். வங்கதேசத்துக்கும் அப்படி ஓர் எண்ணிக்கை வைத்திருந்தோம்; 2011-இல் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனபோது 46 ஜவுளி இனங்களுக்கு வரியில்லா அனுமதி அறிவித்தார். அதன்பின் அங்கிருந்து வந்த மலிவு ஆடைகளைப் பற்றி நம் ஆடை உற்பத்தியாளர்கள் எழுப்பிய குரல், 1950-களில் லங்காஷயர் எழுப்பிய குரலிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. 2025 மே மாதம் வங்கதேச ஆடைகள் நவசேவா, கொல்கத்தா ஆகிய இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா கட்டுப்படுத்தியது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. கோட்டாவில் கட்டுண்ட காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த நானூறு ரூபாயில் இருக்கிறது. அண்டா எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆனால் ஒவ்வோர் அண்டாவுக்கும் வாசலில் உண்டியல். மேலே ஏறும் பணம் முழுவதும் கல்யாண வீட்டின் பெட்டிக்குள் போகிறது. கோட்டாவில் நம் நாட்டில் டோக்கன் வைத்திருந்தவருக்காவது அது வந்தது. வரியில் இங்கே யாருக்கும் வராது. விலையைக் குறைத்து வரியில் பாதியை ஏற்கச் சொல்லி வாங்குபவர் கேட்பார், ஏற்றுமதிக்காரர் ஜாப் ஒர்க் செய்பவரிடம் கேட்பார், அவர் பீஸ் ரேட்டில் பிடிப்பார். கோட்டாக் காலத்திலும் வரிக் காலத்திலும் தையல் மிஷினில் உட்கார்ந்தவருக்குக் கணக்கு ஒரே பக்கமாகவே சாய்கிறது.

ஆகவே இனி எந்த வணிக ஒப்பந்தச் செய்தி வந்தாலும் எத்தனை கோடி டாலர் என்ற வரியைத் தாண்டிப் படிக்க வேண்டிய இடம் அந்த ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கை. சலுகை எத்தனை பீஸுக்கு, எந்த நூலில் நெய்ததற்கு, எந்தத் துறைமுகத்தில், அந்த அளவை நம் நாட்டில் பிரிப்பவர் யார், பிரிக்கும் அளவுகோல் பழைய கணக்கா புதிய வேலையா என்பவை அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். ஏற்றுமதிச் சங்கங்கள் அதைப் படித்துவிட்டு டெல்லிக்குப் போகின்றன. சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறிக்காரர்களும் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் பேசத் தெரிந்தவர்கள்தான். அந்தப் பிற்சேர்க்கை தமிழில் அவர்கள் கைக்கு வரும்போது, அடுத்த முறை டோக்கன் பிரிக்கிற மேசைக்கு அவர்களும் கேள்வியோடு போக முடியும்.